புரட்டாசியில் நீ கேட்ட சூப்

நைனா,

அடுப்பில் வான்கோழி எலும்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. வீடு முழுக்க சுட்ட கறியின் புகை வாசம். நாளை புரட்டாசி பிறக்கிறதே என்று என் மகள், உன் பேத்தி, நேற்று ஒரு முழு வான்கோழியை ஓவனில் சுட்டாள். நான்கு பேருக்கு அது எங்கே தீரும்? மிச்சத்தை இன்றைக்குள் முடித்தாக வேண்டும். அப்புறம் ஒரு மாதம் இந்த வீட்டில் கறி கூடாது.

முதன்முதலாக அவள் சுட்டபோது, நீதான் வடமாலபேட்டையிலிருந்து நீ வளர்த்த வான்கோழியைக் கூடையில் வைத்து திருப்பதியில் எங்கள் வீட்டுக்கு பஸ்ஸில் கொண்டுவந்தாய். ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "இன்னாம்மா இது, வைக்கோல் துன்ற மாதிரி கீது" என்றாய். அவளுக்கு முகம் சுருங்கிப்போனது.

மறுநாள் காலை எலும்பில் ஒட்டியிருந்த கறியைப் பிய்த்துத் தனியே வைத்தாய். கருகிய தோலை எறிந்தாய், போட்டால் கசக்குமாம். எலும்பை நசுக்கி, சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள் போட்டாய். நான் குக்கரை எடுத்தேன். "அத்த அங்கயே வையி. விசில் அடிச்சா ருசியெல்லாம் ஆவியா பூடும்" என்று அதட்டினாய். இரண்டு மணி நேரம் அடுப்பை விட்டு நகரவில்லை. கடைசியில் மிளகும் சீரகமும் இடித்துப் போட்டு, கறியைச் சேர்த்து இறக்கினாய். மூன்று டம்ளர் குடித்துவிட்டு, "நீ சுட்டது இதுக்குத்தான் லாயக்கு" என்று பேத்தியை வம்புக்கு இழுத்தாய். அவளும் சிரித்துவிட்டாள்.

போன வருஷம் நீ எங்கள் வீட்டில் படுக்கையில் கிடந்தாய். கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஒருநாள் நீயே வாய்விட்டுக் கேட்டாய்: "அந்த எலும்பு சூப்பு கொஞ்சம் வெச்சிக் குடும்மா."

புரட்டாசி நடந்துகொண்டிருந்தது. அந்த மாதத்தில் ஒரு முட்டையைக்கூட வாசற்படி தாண்ட விடாத ஆள் நீ. மாதம் மறந்து கேட்கிறாய் என்று நினைத்தேன்.

"புரட்டாசி நைனா. இன்னும் பதினோரு நாள்தான், பொறுத்துக்கோ."

"தெரியும்மா" என்றாய். மறுபடி கேட்கவில்லை. மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது போய்விட்டாய்.

"விரதம் கெடாம போய்ச் சேந்தாரு, புண்ணியவான்" என்றார்கள் சொந்தக்காரர்கள். தெருவில், மலையேற அலிபிரிக்கு நடந்துபோகிறவர்களின் கோவிந்தா சத்தம். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது, என் மேலேயே. மலைமேல் இருக்கிறவர் ஒரு டம்ளர் சூப்புக்குக் கோபித்துக்கொள்கிற ஆளா? தெரியும் என்று நீ சொன்ன பிறகும் நான் அடுப்பைப் பற்றவைக்கவில்லையே நைனா.

இதை எழுதி முடிப்பதற்குள் சூப்பை இறக்கி, எல்லோரும் குடித்தும் ஆயிற்று. மிஞ்சியதை ஒரு டப்பாவில் ஊற்றி ப்ரீசரில் வைக்கப் போனேன். உன் பேத்தி பார்த்துவிட்டாள்.

"இன்னாம்மா, நாளைக்குப் புரட்டாசி. பாத்திரத்தயெல்லாம் மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவணும்னு நீதானே சொன்ன?"

"இருக்கட்டும். யாராச்சும் ஒடம்பு முடியாம கேட்டா?"

"யாரும்மா கேக்கப் போறாங்க?"

நான் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினேன். அவளே ஐஸ் தட்டை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தாள்.

இந்த வீட்டில் இனி யார் கேட்டாலும் நான் மாதம் பார்க்க மாட்டேன். உனக்கு மட்டும்தான் பார்த்தேன்.