என் டிபியில் இருக்கும் நைனாவுக்கு

என் தங்க நைனா,

நீ போன இடத்தில் சிக்னல் கிடைக்கிறதா? கிடைத்திருந்தால் இந்நேரம் படத்தை மாற்றியிருப்பாய், எனக்குத் தெரியாதா? ஒரே படத்தோடு சேர்ந்தாற்போல் ரெண்டு நாள் உன்னால் இருக்க முடியாதே.

குவைத்திலிருந்து கௌரிதான் எழுதுகிறேன். அதே கிளினிக், அதே ஊசி, அதே வெயில். ஒரு விஷயத்தில் மாட்டிக்கொண்டு திருதிருவென்று முழிக்கிறேன். மாட்டியது உன்னால், அதனால் உன்னிடமே முறையிடுகிறேன்.

நம் சொந்தக்காரர் வாட்ஸாப் குரூப்பில் உன்னைப்போல டிபி மாற்றியவர் யாருண்டு? சனிக்கிழமையானால் பெருமாள். மாங்காய் சீசனில் லோடு ஏற்றிய உன் குட்டியானை வண்டி. நான் நர்சிங் பாஸ் பண்ணியபோது ஒரு மாசம் என் மூஞ்சிதான், பவுடர் அப்பிக்கொண்டு. மாற்றுவதற்கு முன்னால் என் டியூட்டி நேரம் பார்த்து நாலு போட்டோ அனுப்புவாய். "இது பாகுந்தா, அது பாகுந்தா? எது நல்லா கீது, சீக்கிரம் சொல்லு கௌரி." எல்லாம் ஒண்ணுதான் நைனா, ஆளை விடு என்பேன். ஒண்ணுதான் என்றால் எதற்கு நாலு எடுத்திருக்கிறேன் என்று சண்டைக்கு வருவாய்.

யார் மேலாவது கோபம் என்றால் படத்தையே எடுத்துவிடுவாய். சாம்பல் நிறத்தில் வெறும் உருவம் மட்டும் தெரியும். உடனே அம்மாவின் தம்பி, புத்தூர் மாமா, பதறிக்கொண்டு போன் போடுவார். "இன்னா மாமா, படத்த எடுத்துட்டே? நான் எதுனா தப்பா பேசிட்டனா?" அவர் ரெண்டு தரம் கெஞ்சியபிறகுதான் உன் மூஞ்சி திரும்பி வரும். நல்ல ஆள் நீ.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. போனில் ஆளை அவள் படத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். புத்தூர் மாமா என்றால் சிவப்பு பைக். பெரியம்மா என்றால் ரோஜாப்பூ. பெங்களூரில் இருக்கும் பெரியம்மா மகன் சுரேஷ் என்றால் புலி. "புலிக்கு இன்னும் பொண்ணு அமையலியாம்" என்று அவள் கவலைப்படுவதைக் கேட்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் குழம்பிப்போன கதை உனக்கே தெரியும்.

நீ வண்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. சுரேஷ் தூக்கிப்பிடித்த போனில்தான் உன்னைக் கடைசியாகப் பார்த்தேன். கூட்டத்தில் அவன் கை ஆடியதில் அதையும் சரியாகப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அவன்தான் குரூப்பில் உன் படத்தைப் போட்டான். திருமலையில் மொட்டையடித்துக்கொண்டு, தலை நிறையச் சந்தனம் பூசி, சிரித்துக்கொண்டு நிற்பாயே, அந்தப் படம். கருமாதி வரைக்கும் எல்லாரும் இதையே டிபியாக வைக்க வேண்டும் என்றான். நம் சனத்தில் இப்போதெல்லாம் இதுவும் ஒரு சாங்கியம் ஆகிவிட்டது. வைக்காதவனுக்குப் பாசமில்லை என்று பேசிவிடுவார்கள். எல்லாரும் வைத்தோம். அம்மாவின் போனைப் பற்றி ஒருவருக்கும் நினைப்பு வரவில்லை.

நம் பசு படுத்துவிட்டதென்று மாமாவைக் கூப்பிட அவள் போனை எடுத்திருக்கிறாள். பைக்கைக் காணோம், ரோஜாப்பூவைக் காணோம், புலியையும் காணோம். எல்லாம் நீ. ஒரு மொட்டைத்தலையை அமுக்கினால் பெரியம்மா, இன்னொன்றை அமுக்கினால் சுரேஷ், அப்புறம் நான். "இன்னாடி இது, எங்க தொட்டாலும் உங்க நைனாவே வந்து நிக்கறாரு! உயிரோட இருக்கசொல்ல கூப்ட்ட கொரலுக்கு ஒருநாள் வந்தாரா இந்த மனுசன்?" என்று சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. நானும் மருந்து வைக்கும் அறைக்குள் போய் நின்று அழுதேன்.

கருமாதி முடிந்ததும் அவரவர் படத்துக்கு அவரவர் திரும்பினார்கள். தப்பு சொல்ல முடியுமா? அம்மா மட்டும் தினமும் எனக்குச் சேதி சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கி ரோஜாப்பூ வந்துட்சி. உங்க நைனா ஒண்ணு கொறஞ்சிட்டாரு." நானும் மாற்றலாம் என்று யூனிபாரத்தோடு ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். "நீ மட்டும் மாத்தாத கௌரி. உன் மூஞ்சி எதுக்கு எனக்கு, கொரல் கேட்டா தெரியாதா?" என்றாள். விட்டுவிட்டேன்.

உன் போனை அணைத்து பீரோவில் வைத்திருந்தோம். சில மாசத்தில் உன் நம்பரில் இருந்த படம் தானாகவே போய்விட்டது. ரொம்ப நாள் யாரும் தொடாத நம்பர் அப்படித்தான் ஆகும் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா காதிலேயே வாங்கவில்லை. "கோச்சிக்கினு எடுத்துட்டாருடி. நான் இன்னா தப்பு பண்ணேன்னு கேட்டுச் சொல்லு" என்றாள். யாரிடம் போய்க் கேட்பேன்?

அதற்குப் பிறகுதான் என் நம்பருக்கு வாய்ஸ் மெசேஜ் வர ஆரம்பித்தது. மைக் பொம்மையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேச நீதானே அவளுக்குக் கற்றுக்கொடுத்தாய். எனக்குத்தான் பேசியிருக்கிறாள் என்று திறந்தேன். "இன்னாயா, அங்க மூஞ்சி காட்டாத இங்க வந்து உக்காந்துக்கினு கீறியா? கோவம் தணிஞ்சிச்சா? மாடு கன்னு போட்டுச்சி. கெடேரி." அவ்வளவுதான். அதில் என் பேரே இல்லை.

அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து உடனே கூப்பிட்டேன். "கௌரி, துன்னியா?" என்று எப்போதும்போல ஆரம்பித்தாள். தெளிவாகத்தான் இருக்கிறாள் நைனா. கூப்பிட்டுப் பேசினால் நான், மைக்கை அமுக்கினால் நீ. மெசேஜைப் பற்றி அவளும் வாய் திறக்கமாட்டாள், நானும் கேட்டதில்லை.

என்னிடம் எல்லாம் நல்ல சேதிதான். மழை நல்லா பெய்ததாம், பால் நல்லா கறக்கிறதாம், உடம்பு கல்லு மாதிரி இருக்கிறதாம். நிஜமெல்லாம் உன்னிடம். மோட்டார் எரிந்துபோனது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. முட்டிவலியில் மாட்டுக்கொட்டகையிலேயே உட்கார்ந்து அழுதது உனக்குத் தெரியும். அதையெல்லாம் கேட்டுவிட்டு மறுநாள் அவளிடம் "அப்படியா, சந்தோஷம்மா" என்கிறேன். இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

போன வாரம் இது வந்தது. "யோவ், ஒரு கண்ணுல வெள்ள படர்ந்துட்சி. இன்னொண்ணும் மங்கலாத்தான் கீது. பைக்கும் தெரியல, புலியும் தெரியல. நீ ஒருத்தன்தான் மஞ்சளா தெரியறே, தலைல சந்தனம் பூசிக்கினு கீறதால. நேத்து அடுப்பு நெருப்பு கைல சுட்டப்புறம்தான் தெரிஞ்சிச்சி. பொண்ணுகிட்ட சொல்லிடாத. உன் சாவுக்கே வரமுடியாம அங்க ஒண்டியா அழுதுச்சி. இதையும் கேட்டா எப்பிடி தாங்கும்?"

இங்கே யார் யார் கண்ணுக்கோ சொட்டுமருந்து விடுகிறேன் நைனா. எவர் எவர் அம்மாவையோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறேன். கண்புரைதான் அது. திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் ஆபரேஷன் பண்ணிச் சரியாக்கிவிடுவார்கள். முற்றவிட்டால் பார்வையே போனாலும் போகும். சும்மா கேட்பதுபோல் கேட்டுப் பார்த்தேன். "அம்மா, கண்ணு எப்பிடி இருக்குது?" "என் கண்ணுக்கு இன்னாடி? கழுகுக் கண்ணு!" என்று சொல்லி, பால் சொசைட்டிக் கதைக்குத் தாவிவிட்டாள்.

போனை வைத்த கையோடு உனக்கு மெசேஜ் வந்தது. "பொண்ணு கண்ணப் பத்திக் கேக்குது. நீ எதுனா சொன்னியா? இதோ பாருய்யா, உன் ஒருத்தன்கிட்டதான் மனசு உட்டு பேசறேன். நீயும் போய்ச் சொல்லிக்குடுத்தே, அப்புறம் உன்னாண்டயும் பேசமாட்டேன். ஆமா."

இப்போது நீயே சொல், நான் என்ன செய்வேன்? லீவு கேட்டேன், என் முறை வரும்போதுதான் என்றுவிட்டார்கள். இலவசக் கண் முகாம் என்று மாமாவை விட்டு ஒரு பொய் சொல்லச் சொல்லலாமா என்று யோசித்தேன். வாழ்நாளெல்லாம் நீ சொன்ன பொய்யில் ஒன்றாவது அவளிடம் நின்றதா? மாமா சொல்வதா நிற்கப் போகிறது? சொன்னால் அவள் கண் பிழைக்கும், உன்னோடு பேசுகிற பேச்சு நின்றுபோகும். சொல்லாவிட்டால் பார்வையில்லாமல் அந்த வீட்டில் ஒண்டியாக அடுப்போடும் மாட்டோடும் அல்லாடுவாள். உன் சாவுக்கும் வராத மகள், இதற்கும் இங்கிருந்தே கையைப் பிசைந்துகொண்டிருக்க வேண்டுமா?

சொல்லிவிட்டேன் நைனா. இன்று காலையில் மாமாவைக் கூப்பிட்டு அம்மா கண்ணைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எங்கிட்டயே அக்கா மூச்சு உடலியே, உனக்கு யாரும்மா சொன்னாங்க?" என்றார்.

"நைனா சொன்னாரு மாமா."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "செரிம்மா, இப்பவே வண்டி எடுத்துக்கினு போறேன்" என்றார். இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார். அம்மா திட்டிக்கொண்டே புடவை மாற்றிக்கொண்டிருப்பாள். யார் சொன்னது என்று அவளுக்கு ஒருவரும் விளக்க வேண்டியதில்லை.

காலையிலிருந்து நூறு தரம் போனைப் பார்த்துவிட்டேன். உனக்கு ஒரு மெசேஜும் இல்லை. அவளிடம் மிச்சமிருந்த உன்னையும் நானே பிடுங்கிவிட்டேனோ?

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் பண்ணித் தருகிறேன். அவள் பேசினாலும் பேசாவிட்டாலும் இந்தப் படத்தை நான் மாற்றமாட்டேன். கண்கட்டு அவிழ்த்தபிறகு, உன்னைத் திட்டுவதற்காவது ஒருநாள் மைக்கை அமுக்குவாள் இல்லையா? அன்றைக்கு நீ அங்கே இருக்க வேண்டும்.

உன்னைக் காட்டிக்கொடுத்த மகள்,
கௌரி