உமேஷின் கையெழுத்து

மார்ச் 6, வியாழன்

காலை எட்டு மணிக்கே ஜோகுபாளையத்தில் வியர்க்கிறது. பெங்களூருக்கு ஏசி எதற்கு என்று கேட்டவர்களெல்லாம் இப்போது எங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போன்மேல் போன். இன்று எனக்கும் உமேஷுக்கும் சேர்த்து ஒன்பது வீடு.

நாளையும் மறுநாளும் புது கேஸ் ஏசிக்கு டிரெயினிங். சீசனில் இரண்டு பேரையும் விட சூப்பர்வைசர் ராஜேந்திரனுக்கு மனசில்லை. "ஆதி, நீ மட்டும் போ. உமேஷ் பேருக்கும் நீயே சைன் போட்டுடு. அவன் கையெழுத்து உனக்கு வரும்ல?" என்றார்.

வரும். பத்து வருஷமாக ஒரே வண்டியில் போகிறோம். ஜாப் ஷீட்டில் அவன் கிறுக்குவதைப் பார்த்துப் பார்த்து என் கைக்கும் பழகிவிட்டது.

மார்ச் 8

போட்டேன். இரண்டு நாளில் நான்கு இடத்தில்.

பாடம் எடுத்தவர் ரக்ஷா மேடம். பழைய கேஸ் ஓசோனைக் கெடுத்ததாம். அதற்கப்புறம் வந்தது பூமியைச் சூடாக்குகிறதாம். இந்தப் புது கேஸில் அந்தக் கெடுதல் இல்லை. ஆனால் தீப்பிடிக்கும். சிலிண்டரில் வருகிற சமையல் கேஸுக்கு நெருங்கிய சொந்தம். பைப்பில் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பைப்பை ஒட்டுகிற கேஸ் டார்ச்சைப் பற்றவைக்கக் கூடாது. நைட்ரஜன் விட்டுச் சுத்தம் செய்து, கேஸ் இருந்தால் கத்துகிற டிடெக்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் தொட வேண்டும் என்றார்.

நாங்கள் என்ன செய்கிறோம்? வால்வைத் திறந்து புஸ்ஸென்று வெளியே விட்டு, அந்தச் சத்தம் நிற்பதற்குள் டார்ச்சைப் பற்றவைக்கிறோம். நான் இந்தத் தொழிலுக்கு வந்து இருபது வருஷம், ஒன்றும் ஆனதில்லை.

உமேஷிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 11

டீக்கடையில் சொன்னேன். பாதியில் கஸ்டமர் போன் வந்துவிட்டது. "பத்திக்கும், அவ்ளோதானேண்ணா? பாத்துக்கிறேன், வா, ஜல்தி" என்று வண்டியை எடுத்தான்.

மொத்தம் பத்து மெக்கானிக்குக்கு ஒரே டிடெக்டர். அது ராஜேந்திரன் பீரோவில், அட்டைப்பெட்டி பிரிக்காமல்.

மார்ச் 20

சர்டிபிகேட் வந்தது. இரண்டு. உமேஷ் அவனுடையதை ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறான். பார்த்துச் சிரித்தேன். இனிமேல் இரண்டு பேரும் தனித்தனியாகப் போகலாமாம், பயிற்சி பெற்றவர்களாம்.

ஏப்ரல் 17

உமேஷ் கை. ஐயோ.

ஏப்ரல் 18

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

மல்லேஸ்வரத்தில் அலர்மேல்மங்கை என்ற மாமி வீடு. பால்கனி யூனிட்டில் லீக். கேஸை வெளியே விட்டிருக்கிறான், உடனே டார்ச். பழைய பழக்கம், வேறென்ன? வலது கை, முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. மாமிதான் பக்கெட் தண்ணீரை ஊற்றி, ஆட்டோ பிடித்து அனுப்பியிருக்கிறார்.

டூல்ஸை எடுக்க நான் போனபோது மாமி பால்கனி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "பூமிக்கு நல்லதுன்னு சொல்லித்தானேப்பா எங்க பையன் ரோஹன் இதை வாங்கினான்?"

நல்லதுதான் மாமி. கேஸைக் குறை சொல்ல என்ன இருக்கு? தன்னை இப்படி இப்படித் தொடணும்னு சொல்லிட்டுத்தான் அது வந்துச்சு. அந்தப் பாடத்துக்கு உமேஷ் பேரில் போய் உக்காந்தவன் நான்தானே.

ஏப்ரல் 21

ஆஸ்பத்திரி. உமேஷ் பொண்டாட்டி ஷில்பா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு நாளு உங்க கூடத்தானே கிளாஸ்ல குந்தினு இருந்தாரு? இன்னாத்த கேட்டாரு இவரு?"

உமேஷ் கண்ணை மூடிக்கொண்டான். நான் மருந்து வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன்.

ஏப்ரல் 24

ராஜேந்திரன் கூப்பிட்டு ஒரு பேப்பரை நீட்டினார். 'முறையாகப் பயிற்சி பெற்றிருந்தும் என் கவனக்குறைவால்' என்று டைப் அடித்திருக்கிறது. கீழே உமேஷ் பெயர். கையெழுத்துக்கு இடம் காலி. இதில் கையெழுத்து விழுந்தால் கம்பெனி வைத்தியத்துக்கு ஒரு பைசா தர வேண்டாம்.

"அவன் கையில கட்டு, எப்படிப் போடுவான்? நீதான் போடுவியே, போட்டுடு. கிளறினா உன் சர்டிபிகேட்டும் சேந்து போகும், பாத்துக்கோ."

பேனாவ எடுத்துட்டேன். எடுத்துட்டேன்! கை தானா அவன் 'உ'வைச் சுழிக்கத் தயாரா நின்னுச்சு. சீ, என்ன ஜென்மம் நான்?

நாளைக்குத் தருகிறேன் என்று பேப்பரை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 25

போட்டேன். என் பெயரை.

பேப்பரின் பின்பக்கத்தில் எழுதினேன்: 'மார்ச் 7, 8 தேதிகளில் உமேஷ் பெயரில் உள்ள கையெழுத்துகள் நான் போட்டவை. அந்த இரண்டு நாளும் கம்பெனி அவனை வேலைக்கு அனுப்பியது.' கீழே ஆதிகேசவன். போட்டோ எடுத்து ரக்ஷா மேடத்துக்கும் அனுப்பிவிட்டுத்தான் கொடுத்தேன்.

"பெரிய யோக்கியன் ஆயிட்டியா?" என்றான் ராஜேந்திரன்.

யோக்கியனாக இருந்திருந்தால் மார்ச் ஏழாம் தேதியே அவன் பேரில் போட மாட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

மே 3

என் சர்டிபிகேட் ரத்து. வேலையும் இல்லை. டிடெக்டர் பெட்டியைப் பிரித்துவிட்டார்களாம்.

ஜூன் 9

நீலசந்திராவில் உமேஷ் வீட்டுக்குப் போனேன். ஷில்பா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உட்காரச் சொல்லவில்லை. சொல்லுவாள் என்று நான் எதிர்பார்த்ததுதான் தப்பு.

வைத்தியச் செலவைத் தர கம்பெனி ஒத்துக்கொண்டது. அந்த ஃபாரத்தில் உமேஷே கையெழுத்துப் போட வேண்டும். வலது கையில் மூன்று விரல் மடங்கவில்லை. மகளுடைய பழைய நோட்டில் இடது கையால் போட்டுப் பழகிக்கொண்டிருந்தான். பக்கம் பக்கமாக.

என்னைப் பார்த்ததும் நோட்டை என் பக்கம் திருப்பினான்.

"என் சைன் மாதிரி கீதாண்ணா? உனக்குத்தான் நல்லாத் தெரியும்."

ஒன்றுகூட அவன் கையெழுத்து மாதிரி இல்லை.

"அப்படியே கீதுடா" என்றேன்.