கண்மாய்க்கரையில் கூப்பிடும் குரல்

அன்பு மகன் பழனிக்குமாருக்கு அம்மா எழுதுவது. மஸ்கட் வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன் அப்பு, இங்கே நானும் மருமகள் ஜீவிதாவும் உன் மகள் கௌசல்யாவும் சுகம், முருங்கை இந்தத் தடவை நல்ல காய்ப்பு.

கண்மாய்க்கரை இருட்டாய்க் கிடக்கிறது, அந்தி பஸ்ஸில் இறங்கிப் பொம்பளைப் பிள்ளை தனியாக நடக்க வேண்டாம், காலேஜை நிறுத்துங்கள் என்று போனில் சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். அந்தக் கரையில் பின்னாலிருந்து பேர் சொல்லி ஒரே தடவை கூப்பிடும், தெரிந்தவர் குரலிலேயே கூப்பிடும், மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனுசர், அதுவரை திரும்பாதே என்று உனக்கும் சொல்லித்தானே வளர்த்தேன். பைக்கில் போகிற ஆம்பளைகள் காதில் அது விழாது, நடந்து வருகிற எங்களுக்குத்தான் விழும். இந்தத் தடவை கிராம சபையில் ஊர் வாசலில் அலங்கார வளைவு கட்டப் போகிறோம் என்றார்கள். உன் மகள் எழுந்து, ஊர்ப் பணத்துல பொம்பளைகளுக்கு எம்புட்டுப் போகுதுன்னு பிரிச்சுப் பாருங்க, லைட்டெல்லாம் டீக்கடை முன்னால நிக்கிது, நாங்க நடக்கிற பாதையில ஒண்ணுகூட இல்லையே என்றாள். காலேஜில் அதைத்தான் படிக்கிறாளாம், அஞ்சாவது படித்த எனக்கே புரிந்தது, எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வார்டு மெம்பர் மலைச்சாமி, பேய்க்கு லைட்டு போடவா தாயி பஞ்சாயத்துப் பணம் என்று சிரித்தான். அப்ப பைக்கை வச்சுட்டு எங்களோட நடந்து வாங்க மாமா என்றாள் இவள்.

வந்தான். பாதிக் கரையில் தவளைச் சத்தம் சட்டென்று நின்றது. மலைச்சாமி என்று ஒரு குரல், செத்துப்போன அவன் ஆத்தா குரலேதான். அந்தப் பாவி முதல் தடவையிலேயே, என்னாத்தா என்று திரும்பிவிட்டான். என்ன பார்த்தானோ, அவனுக்குத்தான் தெரியும். ஆனால் அடுத்த கூட்டத்தில், வளைவு வேணாம், கரைக்கு லைட்டு போடுங்க, இனிமே வருசா வருசம் பொம்பளைகளைக் கேட்டுட்டு மத்ததைப் பாருங்க என்று முதல் கையைத் தூக்கியது அவன்தான்.

இப்போது கரை நெடுக லைட்டு எரிகிறது அப்பு, பயந்து ஓடவேண்டியதில்லை. குரல் மட்டும் நிற்கவில்லை. முந்தாநாள் கௌசல்யாவைக் கூப்பிட்டதாம், ஒரே தடவை, உன் குரலாம். வெளிச்சம்தானே என்று திரும்பத் தோன்றியதாம், திரும்பவில்லை, நேரே வீட்டுக்கு வந்து கை கால் கழுவிப் படிக்க உட்கார்ந்துவிட்டாள். நான்தான் குலசாமிக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தேன்.

குலசாமி உனக்குத் துணை நிற்கும், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. மகளைக் கூப்பிடுவதென்றால் போனில் மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிடு. படிப்பை நிறுத்தச் சொல்வதற்கென்றால் எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவள் திரும்பமாட்டாள், நானும் திரும்ப விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
கருப்பம்மாள்