ஒன்பது புள்ளிகள்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. போனில் பேசினால் "அப்புறம் பேசறேன்க்கா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முட்டி ஆபரேஷனுக்காக ஒரு மாதம் லீவு போட்டேன். அதற்குள் நம் ஆய்வகத்தில் என் பதினெட்டு வருட உழைப்பைக் குப்பையில் போட்டுவிட்டாயே! தட்டில் வளரும் நரம்பு செல்களுக்கு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தை ஒரு சொட்டு விட்டால், அவை மின்துடிப்பால் ஒன்றோடொன்று கூடுதலாகப் பேசும். ஒலிபெருக்கியில் அந்தப் படபடப்பை நீயும்தான் கேட்டிருக்கிறாய். நான் இல்லாதபோது நீ விட்ட சொட்டுக்கு அவை பேசவில்லையாம். உடனே பதினோரு பேர் இருந்த கூட்டத்தில், "அக்கா தட்டுகளை மாத்தி வச்சிருப்பாங்க, பழைய முடிவு எதையும் நம்ப முடியாது" என்றாயாம். நாக்கு கூசவில்லையா உனக்கு? விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று இன்று தாள் வந்தது. கீழே ஆய்வகத் தலைவர் என்று உன் கையெழுத்து!

வேளாவேளைக்குச் சாப்பிடு.

கோபத்துடன்,
அக்கா

மார்ச் 7

அன்புள்ள அக்கா,

முட்டி வலி குறைந்ததா? கோபப்படாதே. நான்கு வாரம் நானே என் கையால் செய்து பார்த்தேன். காரணி விட்ட தட்டும் விடாத தட்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. கூட்டத்தில் காரணம் கேட்டார்கள், நான் என்ன சொல்ல? "கைத்தவறு நடந்திருக்கலாம்" என்று ஒரு வரி எழுதிக் கொடு. மறுநாளே உன்னை உள்ளே கொண்டுவருவது என் பொறுப்பு.

பாசமுள்ள தம்பி

மார்ச் 9

தம்பி,

ஒரு வரியா? ஒரு எழுத்துகூட எழுதமாட்டேன்.

உறைபெட்டியில் இரண்டாம் அடுக்கு, மூன்றாவது டப்பா. நீ உபயோகித்த குப்பியின் மூடியைப் பார். காரணியை உருக்கி எடுக்கும் ஒவ்வொரு முறையும் மூடியில் ஒரு புள்ளி வைப்பேன். மூன்று புள்ளி விழுந்தால் குப்பையில் போடுவேன். உருக்கி உருக்கி உறைய வைத்தால் காரணி செத்துப்போகும். லீவில் போகும்போது அதில் என் கறுப்பு மையில் இரண்டு புள்ளிதான் இருந்தது. இப்போது எத்தனை என்று எண்ணி எழுது.

அக்கா

மார்ச் 12

அக்கா,

ஒன்பது. ஏழு என் பச்சை மை.

குப்பி உபயோகத்தில் இருக்கிறது என்பதற்கு அடையாளமாகப் புள்ளி வைக்கிறாய் என்று நினைத்து, நானும் ஒழுங்காக வைத்துக்கொண்டு வந்தேன். ஏன் என்று உன்னிடம் கேட்கத் தோன்றவே இல்லை. நேற்று முன்தினம் புதுக் குப்பி திறந்து சொட்டு விட்டேன். இன்று ஒலிபெருக்கி எண்ணெயில் கடுகு போட்டதுபோல் வெடிக்கிறது. இது நானும் நீயும் மட்டும் அறிந்ததாக இருக்கட்டும். நீ சத்தமில்லாமல் வந்துவிடு, விசாரணையை நான் முடித்துக்கொள்கிறேன்.

தம்பி

மார்ச் 14

தம்பி,

சத்தமில்லாமல் வரவா? நான் என்ன திருடியா?

கேட்கும் செல்தான் அந்தக் காரணியைச் சுரந்து, பேசும் செல்லுக்குத் திருப்பித் தரும், கேட்க ஆளில்லாவிட்டால் பேச்சு தளர்ந்துபோகும் என்று நீதான் எல்லோருக்கும் பாடம் எடுப்பாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இத்தனை அவமானம் எனக்கு வந்திருக்குமா? பக்கத்து வீட்டில்கூட, "என்னம்மா, வேலையை விட்டு எடுத்துட்டாங்களாமே" என்று கேட்டுவிட்டார்கள். நெஞ்சு எரிகிறது.

பதினோரு பேர் முன்னால் என் தப்பு என்றாய். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதே பதினோரு பேர் முன்னால் அந்த மூடியைக் காட்டி, உன் தப்பு என்று சொல். அதற்கப்புறம் நீ கூப்பிடவே வேண்டாம், செவ்வாய் காலை நானே வந்து செல்களுக்கு உணவுத் திரவம் மாற்றுகிறேன்.

சொல்ல மனமில்லை என்றால் நீயே மாற்று. பாதியை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்று. முழுவதையும் எடுத்தால் செத்துவிடும். இதையும் கேட்டிருக்கமாட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

அக்கா