மேட்டில் மட்டும் உதைத்த வண்டி

அண்ணே,

இன்று காலை திருகாணி தேடிப் பழைய புகையிலை டப்பாவைக் கவிழ்த்தபோது அந்த ஒயர் துண்டு வந்து விழுந்தது. ஒரு சாண்கூட இல்லை. மேலே சுற்றிய கறுப்புத் துணி இன்னும் முழுசாகத்தான் இருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனேன், பெட்ரோல் வாடை லேசாக அடித்தது. அதன்பின் எந்த வேலையும் ஓடவில்லை.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. நீங்கள் உயிரோடு இருந்தபோது சொல்ல வாய் வராதவன், இப்போது காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

டாக்டரம்மாவின் காரை நீங்கள் ஒன்பது வருடம் ஓட்டினீர்கள். அந்தக் கார் பழுது பார்க்க வருகிற, பட்டாளத்துத் தண்டுப் பகுதி ஒர்க்‌ஷாப்பில் நான் மேஸ்திரி. நீலசந்திராவில் உங்கள் வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவில் தெருக்குழாய் ஒன்றுதான். விடியற்காலையில் குழாயடியில் நாம் அண்ணன் தம்பி. ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு வந்துவிட்டால் நீங்கள் வெறும் டிரைவர். டிரைவர்கள் வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் நிற்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வண்டிக்கு என்ன என்று சொந்தக்காரரைக் கேட்போம். தினமும் ஓட்டுகிறவரைக் கேட்டால் எங்கள் மதிப்பு குறைந்துவிடும் என்று நினைப்பு.

உலக யுத்தம் முடிந்த மறு வருடம் அந்த எஞ்சினை இறக்கி வேலை பார்த்து நான்தான் திரும்ப ஏற்றினேன். பதினைந்து நாள் கழித்துக் குழாயடியில் சொன்னீர்கள்: "தம்பி, வண்டி மேட்டுல உதைக்குதுப்பா. நின்ன எடத்துல பூ மாதிரி ஓடுது. சமமான ரோட்டுலயும் ஒண்ணுமில்ல. பின்னாடி ரெண்டு பேரு உக்காந்து, ஏரிக்கரை மேட்டுல ஆக்ஸிலேட்டர மிதிச்சா மட்டும் திக்கித் திக்கிப் போவுது. கால எடுத்தா சரியாயிடுது."

பாரம், மேடு, மிதி. கோளாறு எங்கே என்று பாதிக்குமேல் நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒரு நோயாளி இவ்வளவு தெளிவாகச் சொன்னால் டாக்டரம்மா சந்தோஷப்பட்டிருப்பார். நானோ "கொண்டாங்க, பாக்கலாம்" என்று வாய் கொப்பளித்துத் துப்பினேன்.

கார்புரேட்டரைக் கழற்றி ஊதினேன். பிளக்குகளை மாற்றினேன். பிறகு தனியாக ஏறிப் பரேடு மைதானத்தைச் சுற்றிச் சமரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெயாக ஓடியது. கொண்டுபோன மறுவாரமே திரும்பி வந்தீர்கள். மறுபடியும் ஊதினேன். மூன்றாம் தடவை நீங்கள் கேட்டைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டீர்கள்.

"நீ தனியா சமத்துல ஓட்டினா எப்படிப்பா தெரியும்? என்னையும் ஏத்திக்கிட்டு மேட்டுக்கு வா."

நாலு ஃபிட்டர்களும் சிரித்தார்கள். உங்களைப் பார்த்துச் சிரித்தார்களா, என்னையா என்று இன்றைக்கும் தெரியாது. என் முகம் சிவந்துவிட்டது. "வெளியில நில்லுங்க" என்றேன். அண்ணே என்றுகூடச் சொல்லவில்லை.

அந்த வாரமே, பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வரும்போது வண்டி மேட்டில் உதைத்து நின்றுவிட்டது. ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரி சேர்த்தீர்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், ஆனால் டாக்டரம்மா கோபத்தோடு ஒர்க்‌ஷாப்புக்கே வந்தார். "மேஸ்திரி, உண்மையச் சொல்லுங்க. வண்டியில என்னதான் கோளாறு?"

"வண்டியில ஒண்ணுமில்லீங்கம்மா. அவருக்கு வயசாயிடுச்சு. கால்ல நிதானம் போயிடுச்சு."

மரத்தடியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். நான் சொன்னது உங்கள் காதில் விழுந்திருக்கும். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மறுநாள் உங்களுக்கு வேலை இல்லை.

புது டிரைவர் வரும்வரை வண்டியை நான் ஓட்டினேன். பத்தாம் நாள் டாக்டரம்மாவையும் இரண்டு நர்சுகளையும் ஏற்றிக்கொண்டு அதே ஏரிக்கரை மேட்டில் மிதித்தேன். வண்டி உதைத்தது. நீங்கள் சொன்ன மாதிரியே திக்கித் திக்கி. காலை எடுத்தேன், சரியானது.

ஓரமாக நிறுத்திப் பானெட்டைத் திறந்தேன். எஞ்சின் ரப்பர் கட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. பாரத்தோடு மேட்டில் மிதித்தால் கொஞ்சம் சாயும். அது சாயும்போது பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிட்டுத் தருகிற டிஸ்டிரிபியூட்டருக்குப் போகும் ஒயர் விண்ணென்று இழுபடுவதை அப்போதுதான் யோசித்தேன். விரலால் இழுத்தேன். துணி முழுசாக இருந்தது, உள்ளே கம்பி அறுந்திருந்தது. எஞ்சின் நேராக இருந்தால் இரண்டு முனையும் தொட்டுக்கொள்ளும், சாய்ந்தால் பிரியும். எஞ்சினை ஏற்றிய அன்று அந்த ஒயரைப் போட்டவன் நான். புதுச் சுருளைப் பிரிக்கச் சோம்பல்பட்டு, கையில் கிடந்த குட்டைத் துண்டை இழுத்து மாட்டினேன்.

கருவிப் பையிலிருந்து நீளமான ஒயரை எடுத்துப் போட்டேன், அறுந்ததைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். "ஏனாயித்து மேஸ்திரி?" என்ன ஆச்சு என்று நர்ஸ் ஒருத்தி கன்னடத்தில் கேட்டாள். டாக்டரம்மாவும் ஜன்னல் வழியே என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது.

"தூசிங்கம்மா. ஊதிட்டேன்."

"நல்ல வேளை, நீங்க ஓட்டினீங்க" என்றார்.

இரண்டு மாதம் குழாயடிக்கு நேரம் மாற்றிப் போனேன். இருந்தும் ஒருநாள் பிடித்துக்கொண்டீர்கள். கோபமில்லை. காலைக் கழுவிக்கொண்டே விசாரித்தீர்கள்.

"அம்மா வண்டி இப்ப மேட்டுல எப்படிப்பா ஏறுது?"

"நல்லா ஏறுதுண்ணே."

"ஒதைக்கலையா?"

"இல்ல."

தண்ணீர் விழுந்துகொண்டிருந்த வலது காலைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "அப்ப காலுதான்" என்றீர்கள்.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மரக்கடைக்காரர் தன் லாரியை ஓட்டக் கூப்பிட்டபோது, "வேணாங்க, கால்ல நிதானமில்ல" என்று சொல்லிவிட்டு அவர் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தீர்களாம். அது நான் சொன்ன பொய், சொல் மாறாமல் உங்கள் வாயிலிருந்து வந்தது. நாலு வருடம், சாகிறவரை, ஸ்டீயரிங்கைத் தொடவில்லை.

இப்போது டிரைவர்களை நானே உள்ளே கூப்பிடுகிறேன். அவர்களை ஓட்டவிட்டு, பின் சீட்டில் பாரத்துக்கு நான் உட்கார்ந்து மேட்டுக்குப் போகிறேன். டிரைவருக்கு மரியாதை தருகிற மேஸ்திரி என்று தண்டு முழுக்க எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயரைக் கேட்கிறபோதெல்லாம் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் மறுத்ததில்லை.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் ஒயரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குடம் நிறைகிறவரை கேட்டுக்கொண்டிருந்தார். ஒயரைத் தொடவில்லை.

"ராத்திரி படுக்கும்போது அந்தக் காலத்தான் தடவிக்கிட்டே இருப்பாரு" என்றார். பிறகு என் வாசலைப் பார்த்தார், தன் வாசலைப் பார்த்தார். "நடுவுல ஒரு கொழாதானே தம்பி இருந்துச்சு."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒயர் என் கையிலேயே இருந்தது.

டாக்டரம்மாவின் வண்டிக்கு இன்றும் நான்தான் மேஸ்திரி. அவரிடம் இன்னும் சொல்லவில்லை, அண்ணே.