நீலச் சைக்கிளில் பச்சைத் திட்டு

ஓமந்தை,
புதன்கிழமை பின்னேரம்.

அன்புள்ள மகன் ஜெயந்தனுக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தங்கை கஜானி எழுதும் கடிதம் இது. அண்ணா, தொடங்க முன்னர் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுவேன், கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன். அம்மா சொல்வதை அம்மா சொன்னதாகவும் நான் கண்டதை நான் கண்டதாகவும் எழுதுவேன். முதல் வரியிலேயே எங்களுக்குள் இழுபறி வந்துவிட்டது. "நாங்கள் எல்லாரும் சுகம், உன்ர சுகத்துக்குக் கடவுளை வேண்டுறம் எண்டு முதல்ல எழுது" என்றார் அம்மா. எல்லாரும் சுகம் என்றால் பிறகு கடிதம் எதற்கு என்று கேட்டேன். அம்மா சுளகை மடியில் வைத்துவிட்டு, "சரி, நீயும் நானும் சுகம், மாடு கண்டு சுகம் எண்டு எழுது. அவனுக்காக வேண்டுறதை வடிவா எழுது, அது பொய்யில்லை" என்றார். ஆகவே அம்மாவும் நானும் சுகம். வெள்ளைச்சி நாகு கன்று போட்டிருக்கிறது, அதுவும் சுகம். நீங்கள் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று புதூர் நாகதம்பிரானை அம்மா விடியவிடியக் கேட்டுக்கொண்டிருக்கிறார், நித்திரையில்கூட உங்கள் பெயர் சொல்கிறார்.

சதீஸ் அண்ணா லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார், உங்கள் இடத்துக்குக் கிட்டத்தான் அவருக்கும் வேலை என்பதால் ஒடியல்மாவும் மிளகாய்த்தூளும் எள்ளுருண்டையும் கொடுத்துவிடுகிறோம், அந்தப் பைக்குள்தான் இந்தக் கடிதமும் வரும். போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். நீங்கள் எடுத்தால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்துவிடுவார், நீங்கள் வைக்கும் மட்டும் எழும்பமாட்டார், அது உங்களுக்கும் தெரியும். இது அவர் கேட்கக்கூடாத கதை. இப்போது அவர் பால் சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், பக்கத்து வீட்டு மாமா மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். "கெதியா எழுது, பேப்பர்காரன் மாதிரி வசனம் யோசிச்சுக்கொண்டிராத" என்று அம்மா அரிசி புடைத்துக்கொண்டே சொல்கிறார்.

இரண்டு ஞாயிறுக்கு முன் நீங்கள் வீடியோவில் வந்தபோது அப்பாவுக்குப் பின்னால் சுவரோடு சாத்தியிருந்த சைக்கிளைப் பார்த்து, "என்னப்பா, சைக்கிளுக்குப் பாசி பிடிச்சிட்டுதோ" என்று கேட்டுச் சிரித்தீர்கள். அப்பாவும் சிரித்தார். அம்மாவும் நானும் சிரிக்கவில்லை, அதை நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். அந்தப் பாசியைப் பற்றித்தான் எழுதவேண்டியிருக்கிறது. நீங்கள் முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த சைக்கிள், மழையில் நனைந்தால் தன் தலையைத் துவட்ட முன்னம் அதைத் துடைப்பவர் அப்பா. போன மாதம் ஒரு காலை, பால் கானை ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு பால் சேகரிக்கும் இடத்துக்குப் போனார், நான் பள்ளிக்கூடத்துக்கு என் சைக்கிளில் பின்னால் போனேன். ரோட்டு வேலைக்கென்று ஒழுங்கை முகப்பில் கிறவல் மண் கொட்டியிருந்தார்கள், இடுப்பளவு குவியல், நல்ல வெளிச்சம். அப்பா விலத்துவார் என்று பார்த்துக்கொண்டே போனேன், அவர் விலத்தவே இல்லை, நேரே போய் ஏறி விழுந்தார். பால் முழுவதையும் கிறவல் குடித்துவிட்டது. முழங்கையிலும் முழங்காலிலும் தோல் உரிந்திருந்தது, அதை அவர் பார்க்கவில்லை, எழும்பினதும் சைக்கிளைத்தான் தடவினார். வீட்டுக்கு வந்து, "நாயொண்டு குறுக்கால பாஞ்சிட்டுது" என்றார். நாய் ஒன்றும் பாயவில்லை. அம்மா என்னைப் பார்த்தார், நான் இல்லை என்று தலையாட்டினேன். "உந்த நாய் இனி வந்தால் எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா காயத்தைக் கழுவினார்.

சைக்கிளின் மேல் பாரிலும் ஹாண்டிலுக்குக் கீழேயும் பெயின்ற் தெறித்து இரும்பு தெரிந்தது, சில நாட்களில் அந்த இடம் பழுப்பாகத் துருப்பிடித்தது. இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு வரும், இப்படியே விட்டால் பெயின்றுக்கு அடியால் ஓடிப் பரவும் என்று விஞ்ஞானப் புத்தகத்தில் இருந்ததை வாசித்துக் காட்டினேன். "புத்தகம் சொல்லுறது சரி மகள், ஆனால் புத்தகம் வந்து உரஞ்சித் தராது, நீ சைக்கிளைப் பிடி" என்றார் அப்பா. அவருக்கு அவசரம், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்தது. "அவன் கண்டால் விழுந்தனியளோ எண்டு கேப்பான். பிறகு அங்க அவனுக்கு வேலை ஓடாது" என்றார். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சாண்ட்பேப்பரால் துருவை உரஞ்சி, இரும்பு பளிச்சென்று வரும்வரை விடவில்லை. தெறித்த இடத்தின் விளிம்பு படிக்கட்டு மாதிரி நிற்கக்கூடாது, பழைய பெயின்றிலிருந்து இரும்புக்குச் சரிவாக இறங்கவேண்டும், இல்லாவிட்டால் பூசின பிறகு வடு தெரியும் என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தார். பெருவிரலை வைத்துப் பார்ப்பார், திரும்பத் தேய்ப்பார். நானும் விரலை வைத்துப் பார்த்தேன், உண்மையிலேயே ஒன்றும் தட்டுப்படவில்லை. துருப்பிடிக்காமல் அடிக்கும் சிவப்புப் பூச்சை மெல்லிசாகப் பூசி ஒரு நாள் காயவிட்டார். மறுநாள் நிறம் பூசவேண்டும். சுவர்த் தட்டில் இரண்டு சின்னப் பெயின்ற் ரின்கள் இருந்தன, ஒன்று நீங்கள் இந்தச் சைக்கிளுக்கென்றே வவுனியாவில் வாங்கி வைத்த நீலம், மற்றது யன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சை. அப்பா இரண்டையும் திறந்து குச்சியால் கலக்கி, வெயிலுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு குச்சியாகச் சைக்கிளோடு வைத்து, மூக்கு முட்டுமளவுக்குக் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுப் பச்சையை எடுத்தார். நான் வாயைத் திறந்தேன், குசினி வாசலில் நின்ற அம்மா வேண்டாம் என்று தலையசைத்தார். அப்பா கைநடுக்கம் இல்லாமல், ஒரு சொட்டு வழியாமல் பூசி முடித்து நிமிர்ந்து, "பாத்தியா, எந்த இடத்தில அடிபட்டதெண்டு இனி ஒருத்தரும் சொல்லேலாது" என்றார். ஏன் மறித்தீர்கள் என்று பிறகு அம்மாவிடம் கேட்டேன். "இவ்வளவு பாடுபட்டுத் தேய்ச்சுப்போட்டு அந்த மனிசன் சந்தோசமா நிக்கேக்க எப்பிடியடி சொல்லுறது" என்றார். பிழை விட்டது அம்மாதானாம், அதையும் எழுதச் சொல்கிறார்.

நீங்கள் பாசி என்ற அன்றைக்கு, போனை வைத்த பிறகு, "உவன் என்ன பாசி எண்டவன்?" என்று அப்பா கேட்டார். பகிடிக்குச் சொன்னது என்றார் அம்மா. மறுநாள் காலையில் அப்பா சைக்கிளை முற்றத்து வெயிலுக்கு உருட்டிக்கொண்டு வந்து என்னைக் கூப்பிட்டு, திட்டின் மேல் விரலை வைத்து, "பிள்ளை, இது என்ன நிறம்?" என்று கேட்டார். பச்சை என்றேன். "மற்றது?" நீலம் என்றேன். விரலால் திட்டின் விளிம்பைத் திரும்பத் தேடினார். "ரின் பழசு, நிறம் மாறிப்போச்சு" என்று சொல்லி உள்ளே கொண்டுபோய், திட்டு உள்பக்கம் வரும்படி சுவரோடு திருப்பி வைத்தார்.

அதற்குப் பிறகும் சைக்கிளை விடவில்லை அண்ணா. பால் கொடுக்க ஏ-ஒன்பது வீதியைக் கடந்து போகவேண்டும், பஸ்கள் வரும் வேகம் உங்களுக்குத் தெரியும். இப்போது நான் முன்னால் போகிறேன், என் கரியரில் அம்மா ஒரு வெள்ளைப் பையைக் கட்டியிருக்கிறார், அதைப் பார்த்துக்கொண்டு அப்பா பின்னால் வருகிறார். திரும்பும்போதும் அவரை வீதி கடத்திவிட்டு, அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். வெள்ளைப் பை எதற்கு என்று அவர் கேட்கவுமில்லை, நாங்கள் சொல்லவுமில்லை. போன வியாழக்கிழமை வீதியைக் கடந்து திரும்பிப் பார்க்கிறேன், அப்பாவைக் காணவில்லை. வெள்ளை உரப்பை கட்டிய வேறொருவரின் சைக்கிளுக்குப் பின்னால் வவுனியாப் பக்கமாக வீதியின் நடுவில் போய்க்கொண்டிருந்தார், பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. நான் கத்திய சத்தத்தில் நின்றார். கிட்டப் போனதும், "நீயென்ன இவ்வளவு கெதியா ஓடுறாய்" என்று என்னை ஏசினார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பாடமும் ஏறவில்லை.

அந்தக் கிழமையே அம்மா தனக்குத் தலையிடி, துணைக்கு வாங்கோ என்று சொல்லி அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கே அவருடைய பெயரில் கண் டொக்டருக்கு நம்பர்த் துண்டு எடுத்துவிட்டார். "வந்தது வந்தியள், ஒருக்காக் காட்டினால் என்ன குறையப்போகுது" என்றாராம். இரண்டு கண்ணிலும் வெண்படலம் முற்றிவிட்டது, சின்ன ஒப்பரேசன்தான், ஒவ்வொரு கண்ணாகச் செய்யலாம், இந்த மாதக் கடைசிக்கே இடம் இருக்கிறது என்றார் டொக்டர். அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "மகன் புதூர்க் கோயில் பொங்கலுக்கு வாறன் எண்டவர் ஐயா, அதுக்குப் பிறகு பாப்பம்" என்றார். பஸ்ஸில் வரும்போது அம்மா கேட்டதற்கு, "வெட்டிப் பிழைச்சுப்போச்செண்டால்? செட்டிகுளத்து வீரகத்தியை மறந்திட்டியே? மகனை ஒருக்கா இந்தக் கண்ணால பாத்திட்டுச் செய்யிறன்" என்றிருக்கிறார். வீரகத்தி அண்ணை ஒப்பரேசனுக்குப் பிறகு கட்டு அவிழ்க்க முன்னமே வயலுக்குள் இறங்கித்தான் கண்ணைக் கெடுத்தவர், அதை அப்பா சொல்வதில்லை. "இந்தக் கண்ணால என்னத்தைப் பாக்கப்போறியள்" என்று அம்மா கேட்டுவிட்டார். "கிட்ட வந்தால் தெரியும்" என்றாராம். அண்ணா, ஒவ்வொரு ஞாயிறும் அப்பா உங்களைப் பார்த்து "மெலிஞ்சுபோனாய்" என்று சொல்வார். போன தடவை நீங்கள் தலையை ஒட்ட வழித்திருந்தீர்கள், அப்போதும் மெலிஞ்சுபோனாய் என்று மட்டும்தான் சொன்னார், தலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இனி வருவதை அம்மா சொன்ன சொல் மாறாமல் எழுதுகிறேன். "தம்பி, ஞாயிற்றுக்கிழமை எடுக்கேக்க, இந்தப் பொங்கலுக்கு நான் வரேல்லை அப்பா, லீவு இல்லை எண்டு சொல்லு. உறுதியாச் சொல்லு. பாப்பம், கேட்டுப் பாக்கிறன் எண்டு சொல்லாத. போன வருசமும் பாப்பம் எண்டாய், அதுக்கு முதல் வருசமும் பாப்பம் எண்டாய், உன்ர அந்தப் பாப்பந்தான் அப்பாவை இருத்தி வைச்சிருக்கு. நீ வரேல்லை எண்டு தெரிஞ்சால் கோவத்திலயெண்டாலும் போய் வெட்டுவிப்பார். வரக்கூடியதாயிருந்தால் வா, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. சொல்லாமல் வா. எனக்கு ஏலாமல் போச்சு ராசா. விடியப் பால் கறந்து, இவரை அனுப்பிப்போட்டு, இவள் திரும்பிப் போன் எடுக்குமட்டும் அடுப்புக்கு முன்னால சும்மா நிக்கிறன். மாட்டைப் பாக்கிறதோ வயலைப் பாக்கிறதோ பெரிசில்லை. நாய் பாஞ்சதெண்டு அவர் சொல்ல, ஓம் எண்டு தலையாட்டுறதுதான் ஏலாமல் கிடக்கு." இதைச் சொல்லி முடித்துப் புடைப்பதை நிறுத்திவிட்டு, "பெத்தவள் வரவேண்டாமெண்டு சொல்லுறதை அப்பிடியே எழுதிப்போட்டியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். வெட்டவா என்று கேட்டேன். "வேண்டாம், கிடக்கட்டும்" என்றார்.

அம்மா வேறு சொன்னவை: தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும், வெயிலில் வேலை முடிந்து வந்த கையோடு ஏசிக்குக் கீழே படுக்கக்கூடாது, ஒடியல்மாவை ஈரமில்லாத போத்தலில் போட்டு மூடவேண்டும், எள்ளுருண்டையில் சதீஸ் அண்ணாவுக்கும் பங்கு கொடுக்கவேண்டும், சுமந்துகொண்டு வருபவர் அவர். சைக்கிளைப் பற்றி இனி ஒன்றும் கேட்கவேண்டாம், பாசி என்ற சொல்லை எடுக்கவே வேண்டாம், மறந்துவிடாதீர்கள். நீ நிற்கும் இடத்தில் நல்ல மனிதர்கள் உன்னோடு நிற்கட்டும், நாகதம்பிரான் உன் காலுக்கு முன்னால் வழி பார்த்துக் கொடுக்கட்டும் என்று அம்மா ஆசீர்வதிக்கிறார். ஒப்பத்தைத் தானே வைக்கிறார்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடி இருக்கும் அம்மா,
மு. நாகேஸ்வரி

அண்ணா, இது கஜானி, குசினி வெளிச்சத்தில் இருந்து எழுதுகிறேன். அம்மா ஒப்பம் வைத்துவிட்டு உலை வைக்கப் போனார், நான் உறை தேடிக்கொண்டு மேசையிலேயே இருந்தேன், அதற்குள் இருட்டியும் விட்டது, மாமா அப்பாவைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அப்பா உள்ளே வந்து என்னை நேரே பார்த்தார். நான் பயந்து கடிதத்தின் மேல் கையை வைத்து மறைத்தேன். அவர் அப்படியே பார்த்துக்கொண்டு நின்று, "பிள்ளை படுத்திட்டாளோ?" என்று குசினிப் பக்கம் கேட்டார். அம்மா எட்டிப் பார்த்தார். எனக்கும் அப்பாவுக்கும் இடையில் ஒரு கதிரைதான் இருந்தது. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே, "ஓம், படுத்திட்டாள்" என்றார். அப்பா சுவரைத் தடவிச் சுவிச்சைக் கண்டுபிடித்து லைற்றை நிறுத்திவிட்டார்.