பென்சிலால் குறித்த இடம்

மூத்தவளின் அம்மாவுக்கு,

சொல்வது நான். எழுதுவது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். வாசித்துக் காட்டப்போவது நம் மகள். நடுவில் இத்தனை பேர் இருப்பதால், நீ மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போன அன்று நடந்ததைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன். நாற்பத்து நான்கு நாள் ஆகிறது.

இந்தப் பெண்ணும் கூடப் படிக்கும் மூன்று பேரும் சேர்ந்து சின்னக் கடை ஒன்றை வடிவமைக்க வேண்டுமாம். அதற்கு மார்க் உண்டாம். நம் பெட்டிக்கடையைப் பிடித்துக்கொண்டார்கள். என் கை எட்டும் தூரத்தைக்கூட டேப் வைத்து அளந்தார்கள். நேற்று அட்டையில் கடையைச் செய்து கொண்டுவந்தார்கள். சீப்பு, பேனா, பேட்டரி எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. ஸ்டூல் மட்டும் ஒன்றுதான்.

"இன்னொண்ணு எங்கம்மா?"

"நீங்கதானே தாத்தா சொன்னீங்க, இந்தக் கடைக்கு ஒரு ஆளு போதும்னு!"

அன்று பஸ்ஸுக்கு நின்றவர்கள் முன்னால் நான் உன்னிடம் சொன்ன அதே வார்த்தை.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன் நம் கடையில் முதல் சீப்பு வாங்கியவரின் சட்டை நிறம் எனக்கு நினைவிருக்கிறது. "அவங்க உயரத்தச் சொல்லுங்க, இன்னொரு ஸ்டூல் போட்டுடலாம்" என்றார்கள். உன் உயரம் எனக்குத் தெரியவில்லை. என் தோள் வரை என்றேன்.

"தோளெல்லாம் ஒரு அளவா தாத்தா? ஆளு வந்து உக்காரணும்."

வெள்ளிக்கிழமை டேப்போடு வருகிறார்கள். அதுவரை உன் இடத்தைப் பென்சிலால்தான் குறித்திருக்கிறார்கள். பாவம், பிள்ளைகளின் மார்க் போய்விடக் கூடாது.

உன் ஸ்டூலில் நான் சரக்கு எதுவும் வைக்கவில்லை.

இப்படிக்கு,
கடையில் ஒரு ஆளாக உட்கார்ந்திருப்பவன்